கரி அடுப்பில் பீட்சா: அடி கரிந்து மேலே உருகாமல் போவது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது. கோத்தகிரிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் புல்தரை, அதில் மூடியோடு கூடிய உருண்டையான கரி கிரில் ஒன்று. வீட்டில் ஓவன் கிடையாது. ஓவனுக்காக எழுதப்பட்ட செய்முறை ஒன்றைப் பார்த்து அந்தக் கிரில்லில் பீட்சா சுட்டீர்கள். அடி கரிந்துவிட்டது, நடுவில் மாவு பச்சையாக நின்றுவிட்டது, மேலே தூவிய சீஸ் வியர்த்ததே தவிர உருகவில்லை. பீட்சா கல் வாங்கினால் சரியாகுமா, எந்தக் கரி நல்லது, மழை நாளில் கிரில்லைத் தாழ்வாரத்துக்கோ அறைக்கோ நகர்த்தலாமா என்பவை துணைக் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. புகையெல்லாம் அடங்கிச் சிவந்த தணலாகி, இனிப் பயமில்லை என்று தோன்றும் நேரத்திலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு அது பிடித்துக்கொள்கிறது. லேசான தலைவலி, பிறகு மயக்கம். தூங்குபவருக்கு அந்தத் தலைவலி எச்சரிக்கைகூடக் கிடைக்காது. கொடைக்கானலில் சமைத்து முடித்த கரி அடுப்பைக் குளிருக்கு இதமாக அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவே இல்லை என்று நாளிதழ்களில் செய்தி வந்திருக்கிறது. மூன்று பக்கம் அடைத்த தாழ்வாரம், ஷட்டர் பாதி இறக்கிய கார் ஷெட், கண்ணாடி போட்ட முன்னறை எல்லாமே அறைக் கணக்கில்தான் சேரும். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது நம் ஊர்க் குளிரில் உதவாத யோசனை. கால் மணி நேரத்தில் யாராவது எழுந்துபோய் அதைச் சாத்திவிடுவார்கள். மழை நாளுக்கு வேறு வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி பீட்சாவுக்கு வருவோம். உங்கள் மாவிலும் பெரிய குற்றமில்லை, கரியிலும் இல்லை. வெப்பம் வரும் திசைதான் சிக்கல். ஊட்டி வர்க்கி சுடும் பழைய பேக்கரிகளில் விறகு அடுப்பின் வாயை எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல் கூரை தாழ்ந்து வளைந்து, தட்டுக்கு மேலேயே நிற்கும். விறகு முதலில் அந்தக் கூரையைக் காய்ச்சுகிறது. பிறகு கூரை தான் தேக்கி வைத்த வெப்பத்தைக் கீழ்நோக்கி வீசுகிறது. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா அடுப்பும் இதே அமைப்புதான். அந்த ஊர்ப் பீட்சாவுக்கு விதி வகுத்திருக்கும் சங்கம், அடுப்பு 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும் என்கிறது. அடியும் மேற்புறமும் ஒரே நேரத்தில் வேகும்போதுதான் இந்தக் கணக்கு நடக்கும்.

உங்கள் கிரில்லில் தீ கீழே மட்டும் இருக்கிறது. மேலே இருப்பது மெல்லிய தகட்டு மூடி. அது சூடான காற்றைத் தடுத்து நிறுத்துமே தவிர, செங்கல்லைப் போல வெப்பத்தைத் தேக்கித் திருப்பி வீசாது. அடி இரண்டு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. மேற்புறம் எட்டுப் பத்து நிமிடம் கேட்கிறது. சீஸ் உருகும்வரை காத்திருந்தால் அடி கரிதான். ஆகவே பீட்சா கல்லுக்கு இப்போதைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கல் செய்யும் வேலை அடிப்பக்கத்துக்கு வெப்பத்தைச் சேமித்துச் சீராகக் கொடுப்பது. உங்களுக்கு அடியில் குறையே இல்லை.

தீர்வு மிக எளிது: மாவைப் புரட்டிப் போடுங்கள். வட்டமாக இழுத்த மாவை எதுவும் தூவாமல், எண்ணெய் தடவி, நேராகக் கம்பித் தட்டின் மேலேயே போட வேண்டும். ஒரு பக்கம் வெந்ததும் புரட்டி, வெந்த பக்கம் மேலே வந்த பிறகுதான் சீஸும் மற்றவையும் போட வேண்டும். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு தம்பதி 1980ஆம் ஆண்டு தொடங்கிய அல் ஃபோர்னோ என்ற உணவகம்தான் இந்த முறையை அந்த நாட்டில் பிரபலமாக்கியது. தணலில் சப்பாத்தியைப் புரட்டிச் சுட்டுப் பழகிய கைக்கு இதில் புதிய வித்தை எதுவும் இல்லை. மேற்புறத்து மாவு ஏற்கெனவே வெந்துவிட்டதால், மேலிருந்து வரும் வெப்பம் சீஸை உருக்கினால் மட்டும் போதும். அந்த அளவுக்கு உங்கள் தகட்டு மூடி தாராளமாகப் பயன்படும்.

ஓவன் பீட்சாவை வெளியில் கொண்டுபோய்ச் செய்கிறோம் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் மற்ற முடிவுகளெல்லாம் தாமாக வந்துவிடும். மாவு மெல்லியதாக இருக்க வேண்டும். மேலே போடுபவை குறைவாக இருக்க வேண்டும். வேக வேண்டியவை முன்பே வெந்திருக்க வேண்டும்.

மாவின் அளவு நான்கு பீட்சாவுக்கு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் அகலம். மைதா 400 கிராம், கோதுமை மாவு 100 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு 10 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மைதா மட்டும் என்றால் ருசி வெறுமையாக இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் கோதுமை மாவு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அதிலுள்ள தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும். இழுக்கும்போது ஓட்டை விழும். கோதுமை மாவு தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதால், பிசையும்போது வறண்டு தெரிந்தால் இன்னும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் இளக வேண்டாம். ஓவன் பீட்சாவுக்கு இளகிய மாவைப் புகழ்வார்கள். கம்பித் தட்டில் அந்த மாவு கம்பிகளுக்கு நடுவே தொங்கி, ஒட்டிக்கொண்டு, கிழிந்துவிடும்.

ஈஸ்ட் விஷயத்தில்தான் நம் மலை குறுக்கே வருகிறது. அதுவும் இரண்டு பக்கமிருந்து, எதிரெதிராக. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அழுத்தம் குறைந்தால் ஈஸ்ட் விடும் அதே அளவு வாயு கால் பங்கு அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மாவு இரண்டு மடங்காகப் பொங்கிவிட்டது என்று பாத்திரம் காட்டும், ஆனால் உள்ளே புளிப்பும் மணமும் அந்த அளவுக்கு வந்திருக்காது. சமவெளிச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் பொங்கிய, சப்பென்ற மாவு கிடைப்பது இதனால்தான். மறுபுறம், குளிர் ஈஸ்ட்டைத் தூங்க வைக்கிறது. டிசம்பர் மாதத்தில் இட்லி மாவுப் பாத்திரத்துக்கே கம்பளி சுற்றுபவர்கள் நாம்.

இந்தக் குளிரை எதிர்த்துப் போராடாமல் வேலை வாங்கிக்கொள்ளலாம். சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் பீட்சா மாவை மெதுவாகப் புளிக்க வைக்க ஃபிரிட்ஜில் வைத்துக் காத்திருக்கிறார்கள். குளிர்கால இரவில் உங்கள் சமையலறை 15 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்; மெதுவான புளிப்புக்கு அது நல்ல வெப்பநிலை. 500 கிராம் மாவுக்கு ஒரே ஒரு கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும், அதாவது தலைதட்டிய கால் டீஸ்பூனும் மேலே ஒரு சிட்டிகையும். மாலையில் பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் இறுக மூடி, மேடையிலேயே விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் பொங்கியிருக்கும். ஒருமுறை அமுக்கி வாயுவை வெளியேற்றி, நான்கு உருண்டைகளாகப் பிடித்து, எண்ணெய் தடவி மூடி, மீண்டும் பொங்க விடுங்கள். இந்த இரண்டாவது பொங்கல்தான் உயரத்தால் இழந்த மணத்தை மீட்டுக் கொடுக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குச் சுடலாம். ஏப்ரல், மே மாதங்களில் எல்லாம் சீக்கிரம் நடக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, முழுவதும் நிரம்பாமல் திரும்பினால் தயார்.

அன்றைக்கே சுட வேண்டும் என்றால் நான்கு கிராம் ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர், வெயில் படும் ஜன்னல் ஓரம், மூன்று மணி நேரம். ருசி பாதிதான் வரும். விருந்தாளி சொல்லாமல் வந்தால் வேறு வழியில்லை.

கரிக்கு வருகிறேன். கடைகளில் மூட்டையாகக் கிடைப்பது பெரும்பாலும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலக் கரிதான். அதைக் குறைவாக எடைபோட வேண்டாம். அமெரிக்காவில் இறைச்சி சுடுவதற்கென்று தேடி வாங்கும் மெஸ்கிட் மரத்துக்குச் சீமைக் கருவேலம் நெருங்கிய உறவு. நன்றாகக் காயும், நெடுநேரம் நிற்கும். கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தேங்காய்ச் சிரட்டைக் கரி கிடைத்தால் இன்னும் நல்லது. வெப்பம் அதிகம், புகை குறைவு. நம் மலையிலேயே கிடைப்பதில் சீகை மரத்துக் கட்டைதான் முதல் தரம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட வாட்டில் மரம் அது. அதன் பட்டை தோல் பதனிடப் போகிறது, கட்டை அடர்ந்த தணலாகிறது. ஆனால் கட்டையாக வாங்கினால் முழுக்கத் தணலாக எரித்த பிறகுதான் மாவைப் போட வேண்டும். கொழுந்து விடும் தீயில் அல்ல.

கற்பூர மரத்து விறகு, அதாவது யூகலிப்டஸ், நம் ஊரில் மலிவு. உணவுக்குக் கீழே அது வேண்டவே வேண்டாம். தைலம் முழுவதும் எரிந்து போகாத கட்டையில் சுட்ட ரொட்டியைச் சாப்பிட்டால் ஜலதோஷ மருந்து நினைவுக்கு வரும். பைன் கட்டையில் பிசின். கறுப்பு மசியாகப் படியும். காட்டுக்குள் போய்ச் சுள்ளி பொறுக்கி வரும் யோசனையும் வேண்டாம். காப்புக் காட்டில் அது சட்டப்படி குற்றம்.

பற்ற வைக்க மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். கறி என்றால் மசாலா மறைத்துவிடும். மாவு அந்த நாற்றத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அடியில் துளையிட்ட உயரமான டின் ஒன்றில் கரியை நிரப்பி, கீழே காகிதத்தைக் கசக்கி வைத்துப் பற்ற வைத்தால் போதும். டின் புகைபோக்கியாக வேலை செய்து காற்றை இழுத்துக்கொள்ளும். இங்கேயும் உயரம் குறுக்கிடுகிறது. காற்று மெலிந்திருப்பதால் அதே அளவு காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூடுபனி நாட்களில் கரி ஈரத்தையும் குடித்திருக்கும். சமவெளியில் கால் மணியில் தயாராகும் கரி இங்கே அரை மணி வரை இழுக்கலாம். பொறுமை இழந்து விசிறிக்கொண்டே இருப்பதைவிட, கிரில்லின் கீழ்த் துவாரங்களை முழுவதும் திறந்து விட்டு, கரியை முந்திய நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து காய வைத்திருப்பது பலன் தரும். கரி மூட்டையை வெளியில் வைத்து மேலே தார்ப்பாய் போட்டால் போதும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். ஜூலை மாதத்தில் அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தால் எடையிலேயே தெரியும்.

கரி இரண்டு கிலோ அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெள்ளைச் சாம்பல் பூத்ததும் கிரில்லின் ஒரு பாதியில் மட்டும் கொட்டிப் பரப்புங்கள். மறு பாதி காலியாக இருக்கட்டும். இதுதான் முக்கியமான ஏற்பாடு: தணலுக்கு மேலே மாவு வேகும் இடம், காலியான பக்கத்தில் சீஸ் உருகும் இடம். கம்பித் தட்டைப் போட்டுப் பத்து நிமிடம் மூடிக் காய விடுங்கள், பிறகு கம்பிகளைத் தேய்த்து, எண்ணெயில் தோய்த்த துணியால் இடுக்கி கொண்டு துடையுங்கள். தணல் பக்கத்தில் கம்பிக்கு மேல் அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். மூன்று நான்கு விநாடி தாங்கினால் சரியான சூடு. ஒரு விநாடியிலேயே கையை இழுத்தால் கொஞ்சம் பொறுங்கள். ஆறு ஏழு விநாடி தாங்கினால் இன்னும் கரி வேண்டும்.

மாவை வட்டமாகத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. மைதா தூவித் தேய்க்காமல், எண்ணெய் தடவிய தட்டின் பின்புறத்தில் விரலால் அழுத்தி அழுத்திப் பரப்புங்கள். தூவிய மாவு தணலில் உதிர்ந்து எரிந்து கசப்பேற்றும். தட்டோடு தூக்கி வந்து, முன்னங்கையில் சரித்து, தணலுக்கு மேலே கம்பியில் விரியுங்கள். விழும்போது சற்று முன்பின் ஆனாலும் பரவாயில்லை. உடனே இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். அரை நிமிடத்தில் அடிப்பகுதி இறுகித் தானாகவே கம்பியை விடும். ஒரு நிமிடத்தில் மேலே கொப்புளங்கள் கிளம்பும். இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள்: பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தால் புரட்டும் நேரம். ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் மாவைச் சுழற்றி வையுங்கள், கரி எங்கும் சமமாக எரிவதில்லை. புரட்டியதும் காலிப் பக்கத்துக்கு இழுத்துவிடுங்கள். இப்போது அவசரமில்லை. எண்ணெய் தடவி, சீஸ் போட்டு, மற்றவற்றைப் போட்டு, மறுபடி தணல் ஓரத்துக்கு நகர்த்தி மூடியைப் போடுங்கள். மூடியின் மேல்துவாரம் பீட்சாவுக்கு நேர்மேலே இருக்கட்டும். சூடான காற்று அதைக் கடந்துதான் வெளியேறும். மூன்று முதல் ஐந்து நிமிடம். நடுவில் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பது நம் ஊர்க் காற்றில் கட்டுப்படியாகாது.

மேல் வெப்பம் இன்னும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கனமான பழைய இரும்பு வாணலி ஒன்றைத் தணலின் மேல் கவிழ்த்து நன்றாகக் காய விட்டு, அப்படியே பீட்சாவின் மேல் கவிழ்த்துவிடுங்கள். இரும்பு தன் வெப்பத்தைக் கீழே வீசும். தம் பிரியாணிக்கு மூடிமேல் கங்கு வைப்பதும் இதற்காகத்தான். வாணலிக்குள் அடங்க வேண்டும் என்பதால் பீட்சா சிறியதாக இருக்க வேண்டும். கைக்கு நல்ல கனமான துணி அவசியம். ஒரு நிமிடத்தில் சீஸ் கொதித்து அங்கங்கே பழுப்பு விழும். கல்லுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இது எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

சீஸ், 25 சென்டிமீட்டர் பீட்சாவுக்கு 70 கிராம் மொசரெல்லா. கூடினால் எண்ணெய் மிதக்கும். ஈரம் குறைந்த கட்டி மொசரெல்லாவை நீங்களே துருவுங்கள். கொஞ்சம் செடார் கலந்தால் உறைப்பு வரும். பனீர் உருகாது; எவ்வளவு நேரம் வைத்தாலும் உருகாது. அமிலம் ஊற்றித் திரித்த பாலில் புரதங்களைப் பிணைத்திருந்த கால்சியம் கரைந்து போய்விடுகிறது, அதனால் அது இளகி ஓடுவதில்லை, காய்ந்து இறுகத்தான் செய்யும். சுவைக்காகத் துண்டுகள் போடலாம், சீஸுக்குப் பதிலாக அல்ல. சீஸை முதலில் தூவி, தக்காளிச் சாறை அதன்மேல் கரண்டி கரண்டியாக அங்கங்கே விடுங்கள். சாறை அடியில் பூசினால் மாவு ஊறிவிடும். தக்காளியைப் பூண்டோடு எண்ணெயில் வதக்கி, கரண்டியைச் சரித்தால் ஓடாமல் நிற்கும் அளவுக்குச் சுண்ட வைத்திருக்க வேண்டும்.

காய்கறியில் நீலகிரிக்காரருக்கு என்ன குறை? ஆனால் பச்சையாக எதையும் போடாதீர்கள். மூன்று நிமிட வெப்பத்தில் குடைமிளகாயும் வெங்காயமும் நறநறவென்றே இருக்கும். காளானை எண்ணெயில்லாத வாணலியில் தண்ணீர் வற்றும்வரை வதக்கிக்கொள்ளுங்கள். சுக்கினியையும் லீக்ஸையும் மாவுக்கு முன்பாகத் தணலிலேயே சுட்டு எடுத்துவிடலாம். புரொக்கோலியைக் கொதிநீரில் ஒரு நிமிடம். கேரட்டைப் பீட்சாவில் சேர்ப்பவர்களோடு எனக்கு வாதமில்லை, உறவுமில்லை. எனக்கு மிகப் பிடித்தது உருளைக்கிழங்கு: அரைவேக்காடாக வேக வைத்து, ரூபாய் நாணயத்தின் கனத்துக்குச் சீவி, மலைப்பூண்டும் ரோஸ்மேரியும் எண்ணெயும் கலந்து பரப்பினால் தக்காளியே வேண்டாம். ரோம் நகரத்தில் உருளைக்கிழங்கு பீட்சா சாதாரணமாகக் கிடைக்கும் பண்டம். ரோஸ்மேரியும் தைமும் நம் மலையிலேயே பயிராகின்றன, வேலியோரத்தில் ஒரு செடி வைத்தால் போதும். பேசில் கிடைக்காவிட்டால் திருநீற்றுப்பச்சிலை ஓரிரண்டு இலை போதும். இரண்டும் ஒரே தாவர இனம், நம்முடையதில் காரமான மணம் கூடுதல். எந்த இலையானாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான்.

சாதனங்களைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். கிரில்லின் கம்பித் தட்டு துருப்பிடித்துவிட்டது என்று பழைய ஃபிரிட்ஜின் தட்டை எடுத்துப் போடாதீர்கள். அதன் மேற்பூச்சு உணவுக்கும் தணலுக்கும் ஏற்றதாக இருக்கும் என்று நம்ப முடியாது. துத்தநாகம் பூசிய வலை, வாளி, தகடு எதுவும் தணலுக்கு மேலே வேண்டாம், அதன் புகை நஞ்சு. பூச்சில்லாத இரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டும். கல்லில்தான் சுட வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் வீட்டிலுள்ள கனமான இரும்பு தோசைக்கல்லைக் காலிப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். ஓடையில் கிடந்த பலகைக்கல்லைக் கழுவிக் கொண்டுவந்து வைக்காதீர்கள். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி அது வெடித்துச் சிதறக்கூடும்.

முடித்த பின் செய்ய வேண்டியவை இரண்டு, இரண்டும் கோத்தகிரியில் கட்டாயம். சாம்பலுக்கு அடியில் கங்கு ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து கிடக்கும் நாட்களில் அதைத் தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் கொட்டுவது காட்டுத்தீக்குக் கொடுக்கும் அழைப்பு. கிரில்லின் துவாரங்களை எல்லாம் மூடிவிட்டு ஆற விடுங்கள். மறுநாள் சாம்பலை இரும்பு வாளியில் எடுத்து, சீறல் அடங்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறிய பிறகு கொட்டுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் பற்றவே வைக்காதீர்கள். இன்னொன்று கரடி. எண்ணெய், சீஸ் வாசனை இரவில் வெகுதூரம் போகும், உங்கள் பக்கத்தில் கரடி வீட்டு வாசல்வரை வருவது அதிசயமில்லை. கம்பித் தட்டை வெளியிலேயே விட்டுவிட்டுப் போகாமல் இருட்டும் முன்பே கழுவி உள்ளே வையுங்கள், மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் திறந்து போடாதீர்கள். மதியமே சுட்டு முடித்துவிடுவது இன்னும் நல்லது. பகலில் குரங்குக்கு மட்டும்தான் காவல் இருக்க வேண்டியிருக்கும். மாவு உருண்டைத் தட்டைத் திறந்து வைத்து உள்ளே போய்விடாதீர்கள்.

இனி மழை நாள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை உங்கள் பக்கம் பிடித்துக்கொண்டால் கிரில்லை மறந்துவிட வேண்டியதுதான். அதே மாவை, அதே புரட்டும் முறையை, சமையலறை கேஸ் அடுப்பில் இரும்பு தோசைக்கல்லில் செய்யலாம். கல் நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் துடைத்து மாவைப் போடுங்கள். நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம், கொப்புளம் வந்ததும் புரட்டுங்கள். தீயைக் குறைத்து, சீஸும் மற்றவையும் போட்டு, உயரமான மூடியால் மூடி நான்கு நிமிடம். சீஸ் அப்போதும் தயங்கினால் கல்லின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே மூடுங்கள், ஆவி அதை உருக்கிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டு இன்னும் அரை நிமிடம் கல்லிலேயே வையுங்கள். ஆவியில் தளர்ந்த அடிப்பக்கம் மறுபடி மொறுமொறுப்பாகும். கரி மணம் மட்டும் இருக்காது.